ஒரு பாய் அளவு நாடு

ஏழாம் வகுப்பில் அன்று நாடுகளைப் பங்கு போட்டார்கள்.

காசிநாதன் சார் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் நாற்பது சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். ஒவ்வொருவராக வந்து ஒன்றை எடுக்க வேண்டும். சீட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதுதான் அவர்களுடைய நாடு. வேண்டாம் என்று திருப்பித் தர முடியாது. பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக்கொள்ளவும் முடியாது.

"முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பா எப்படி இருந்துச்சுன்னு நம்ம கிரவுண்ட்ல வரையப் போறோம்," என்றார் சார். "சனிக்கிழமை கண்காட்சி. எல்லைக்கோடு மட்டும் கோலப்பொடியில போடுங்க. உள்ள அவங்கவங்க நாட்டுல அவங்கவங்க நிக்கணும். பார்க்க வர்றவங்களுக்கு உங்க நாட்டப் பத்தி நாலு வார்த்தை சொல்லணும்."

பிறகு ஒரு வரைபடத்தைக் கரும்பலகையில் மாட்டினார். வகுப்பே வாயைப் பிளந்தது. ஓரங்களில் இருந்த நாடுகள் பெரிதாக, ஒழுங்காக இருந்தன. நடுப்பகுதி மட்டும் கைதவறிக் கீழே விழுந்த அப்பளம் போலச் சுக்குநூறாகக் கிடந்தது.

"சார், இதுல ஜெர்மனி எங்க சார்?" என்று கேட்டான் வகுப்புத் தலைவன் அஜித்குமார்.

"அப்ப அந்தப் பேர்ல ஒரே நாடு கிடையாதுப்பா. எல்லாத்துக்கும் மேல பேருக்கு ஒரு பேரரசர் இருந்தாரு. அவருக்குக் கீழ முந்நூறு குட்டி நாடுங்க இருந்திருக்கும். ஒண்ணை ஒரு கோமகன் ஆளுவாரு, ஒண்ணை பிஷப் ஆளுவாரு. ஒண்ணுல ஊர்க்காரங்களே கூடிப் பேசி நடத்திக்குவாங்க. பேச்சு வேற, காசு வேற, சாமி கும்பிடற முறை வேற."

"அப்ப இத்தாலி?"

"அதுவும் அப்படித்தான். துண்டு துண்டா இருந்துச்சு."

"தடுக்கி விழுந்தா அடுத்த நாட்டுலதான் விழணும் போலக்கீது," என்றான் அஜித்குமார்.

"விழறது பெரிசில்ல. எழுந்திருக்கும்போது அந்த நாட்டுச் சட்டப்படி எழுந்திருக்கணும்," என்றார் சார். வகுப்பு சிரித்தது.

அஜித்குமாருக்குக் கிடைத்தது பவேரியா. நடுவில் இருந்தவற்றுள் அது கொஞ்சம் பெரிய நாடு. அவன் சீட்டை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

டயானா எடுத்த சீட்டில் 'ரேகன்ஸ்பர்க்' என்று இருந்தது. வரைபடத்தில் மேலும் கீழும் தேடினாள். கடைசியில் டான்யூப் ஆற்றின் கரையில், பவேரியாவுக்கு நடுவே, கடுகு அளவுக்கு ஒரு புள்ளியாக அதைக் கண்டுபிடித்தாள். அது ஓர் ஊர். அந்த ஊரே ஒரு நாடு.

அடுத்து எடுத்தவள் சின்னப்பொண்ணு. அவளுடைய 'நீடர்மூன்ஸ்டர்' புள்ளியாகக்கூட எங்கும் இல்லை.

"உன்னுது டயானாவோட ஊருக்குள்ள இருக்கும்மா," என்றார் சார். "அந்த ஒரே ஊருக்குள்ள அஞ்சு நாடு. ஊர்க்காரங்களோட நகரம் ஒண்ணு, பிஷப்போட இடம் ஒண்ணு, அப்புறம் மூணு மடம். ஒவ்வொண்ணும் தனி நாடு. உன்னுது கன்னியாஸ்திரிங்க மடம் மாதிரி ஒண்ணு. ஒரு தெரு அளவுதான் இருக்கும்."

சின்னப்பொண்ணு கல்வராயன் மலையிலிருந்து வந்தவள். ஜூன் மாதம் அவளுடைய மாமா கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனார். சங்கராபுரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வருகைப் பதிவின்போது அவள் சொல்லும் 'உள்ளேன் ஐயா' தவிர அவள் குரலை வகுப்பில் பலர் கேட்டதே இல்லை. அன்று அவள் தானாக எழுந்து நின்றாள்.

"சார், எங்க நாட்ட ஆண்டது பொம்பளைங்களா?"

"ஆமாம்மா. மடத்துத் தலைவிதான் ஆண்டாங்க. அங்க அவங்க பேச்சுதான் சட்டம்."

சின்னப்பொண்ணு சீட்டை நான்காக மடித்து ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் பத்திரமாக வைத்தாள்.

மதியம் சாப்பிடும்போது அவள் டயானாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சனிக்கெழம எங்கப்பா வர்றாரு. இந்தப் பள்ளிக்கூடத்த அவரு பார்த்ததே இல்ல. வார்டன் அக்கா போன்ல பேசுனேன். எனக்குன்னு தனியா ஒரு நாடு குடுத்துக்கீறாங்கன்னு சொல்லிட்டேன்."

"அப்பா இன்னா சொன்னாரு?"

"எத்தினி ஏக்கருன்னு கேட்டாரு."

இருவரும் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் வேலை தொடங்கியது. சார் வரைபடத்தில் முன்பே பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருந்தார். நீளத்தில் இருபது கட்டம், அகலத்தில் பதினாறு கட்டம். மைதானத்தில் மண்டியிட்டுத் தன் கையாலேயே முழம் போட்டு அளந்து, நான்கு பக்கமும் வெளிக்கோட்டைக் கிழித்தார்.

"ஒரு கட்டத்துக்கு ஒரு முழம். நாலு மூலையிலேர்ந்து நாலு குழுவா வரைஞ்சுகினு வாங்க. நடுவுல வந்து சேர்ந்துடலாம். அஜித், பார்த்துக்க," என்று சொல்லிவிட்டு அவர் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

அஜித்குமார் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தான். டயானாவிடமும் சின்னப்பொண்ணுவிடமும் வந்தபோது தலையைச் சொறிந்தான்.

"உங்க ரெண்டு பேரு நாடும் கோலப்பொடிக் கோட்டு அகலம்கூட இல்ல. எங்க நிப்பீங்க? நீங்க நாளைக்குக் கேட்டாண்ட நின்னு வர்றவங்களுக்குத் தண்ணி குடுங்க."

அஜித்குமார் கெட்டவன் இல்லை. ஒரு வேலையை எடுத்தால் சுத்தமாக முடிக்கிறவன். ஆனால் சுத்தமாக முடிக்கிற அவசரத்தில், சின்னதாக இருப்பதைத் துடைத்துவிடுகிற பழக்கம் அவனுக்கு உண்டு.

சின்னப்பொண்ணு குடத்தைக் கழுவ நேராகக் குழாயடிக்குப் போனாள். தண்ணீர் நிறைந்து வழிந்த பிறகும் குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

டயானாவுக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. தண்ணீர் கொடுப்பதில் அவளுக்கு வருத்தம் இல்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கி வருகிற ஒரு அப்பா, 'உன் நாடு எங்கம்மா?' என்று கேட்பாரே! இந்தக் குடத்தையா காட்டுவது?

ஒரு மணி நேரம் கழித்து மைதானத்தில் கூச்சல் கிளம்பியது. டயானா ஓடிப்போய்ப் பார்த்தாள். நான்கு குழுக்களும் சொன்ன கணக்கை முடித்துவிட்டார்கள். ஆனால் கோடுகள் சந்திக்கவே இல்லை. பிரான்சின் எல்லை வந்து நின்ற இடத்துக்கும் அடுத்த நாடு தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சந்து ஓடியது.

"நீதான்டி தப்பா எண்ணிட்ட!" என்று போலந்துப் பக்கத்துச் சந்தியாவைப் பார்த்துக் கத்தினான் அஜித்குமார்.

"நான் சரியாத்தான் எண்ணுனேன். முழம் முழமா வச்சுக்கினு வந்தேன்," என்றாள் சந்தியா.

டயானா சந்தியாவின் கையைப் பார்த்தாள். பிறகு அஜித்குமாரின் கையைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டயானாவின் அம்மா இசபெல்லா பேருந்து நிலையத்துக்கு எதிரே பூக்கட்டி விற்பவர். பூவை முழம் போட்டுத்தான் கொடுப்பார்கள். முழங்கையில் தொடங்கி நடுவிரல் நுனிவரை அளந்தால் ஒரு முழம். அம்மாவுக்கு நல்ல நீளமான கை. அதனால் பக்கத்துக் கடையைவிட அம்மாவிடம் எப்போதும் கூட்டம் ஜாஸ்தி. 'இசபெல்லா முழம்' என்றால் சங்கராபுரத்தில் பலருக்கும் தெரியும்.

"சண்டை போடாதீங்க. யாரும் தப்பா எண்ணல," என்றாள் டயானா. "வெளிக்கோடு சாரோட முழம். உள்ள போட்டது நம்ம முழம். நம்ம கை அவரு கையவிடச் சின்னது. அஜித் கை ஒரு அளவு, சந்தியா கை ஒரு அளவு. அப்புறம் எப்படிச் சேரும்?"

எல்லாரும் தங்கள் கையைப் பக்கத்தில் இருந்தவர் கையோடு வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். உண்மைதான். ஒன்றுக்கொன்று விரற்கடை வித்தியாசம் இருந்தது.

மறுபடி முதலிலிருந்து போட நேரம் இல்லை. கோடுகளை அங்கங்கே இழுத்துச் சேர்த்தார்கள். சந்துகள் மறைந்தன. நட்டநடுவில் மட்டும், எவ்வளவு இழுத்தும், ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் மிஞ்சிவிட்டது.

"பரவால்ல. பவேரியாவ இழுத்து இத மூடிடறேன்," என்று அஜித்குமார் கோலப்பொடியை அள்ளினான்.

டயானா ஒரே எட்டில் அந்த இடத்துக்குள் போய் நின்றாள்.

"மேப்பப் பாரு அஜித். சரியா இந்த இடத்துல இன்னா கீது?"

அவன் பார்த்தான். ஆற்றங்கரையில் கடுகு அளவுக்கு அந்தப் புள்ளி இருந்தது.

"கடுகாட்டம் கீற ஊருக்குப் பாய் அளவு இடமா? அது தப்பு!"

"உன் பவேரியா மட்டும் சரியான அளவா? அதுவும் உன் கையால போட்ட முழம்தான?"

சுற்றி நின்றவர்கள் 'ஓ' என்று கத்தினார்கள். அஜித்குமார் பொடியைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டான்.

"ஹெச்.எம். கேட்டாங்கன்னா நீதான் பதில் சொல்லணும்," என்றான்.

"சொல்றேன்," என்றாள் டயானா. சொல்லிவிட்டாளே தவிர, என்ன சொல்வது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

குழாயடியில் இருந்த சின்னப்பொண்ணுவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இருவரும் உட்கார்ந்து, பாய் அளவு இடத்துக்குள் ஐந்து நாடுகளைப் பிரித்தார்கள். டயானாவின் நகரம் எல்லாவற்றையும் சுற்றி வளைந்து நெளிந்து போனது. நீடர்மூன்ஸ்டருக்கு இரண்டு பிள்ளைகள் நெருக்கி நிற்கிற அளவு கிடைத்தது. சின்னப்பொண்ணு நீலப்பொடியால் ஆற்றை வரைந்தாள். ஆற்றின் மேல் சின்னக் கற்களை அடுக்கி ஒரு பாலம் கட்டினாள்.

"பாலத்தத் தாண்டுனா அஜித்தோட நாடு," என்று சொல்லி அவள் மெல்லச் சிரித்தாள்.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கே தலைமையாசிரியர் பெரியநாயகி டீச்சர் மைதானத்தைச் சுற்றி வந்தார். கையில் வரைபடத்தின் நகல் இருந்தது. நடுவில் வந்ததும் நின்றுவிட்டார்.

"காசிநாதன் சார், இது என்ன? இவ்வளவு பெரிய ஊர் மேப்ல இல்லையே. பார்க்க வர்றவங்க சிரிப்பாங்க. அழிச்சிடச் சொல்லுங்க."

சார் வாயைத் திறப்பதற்குள் அஜித்குமார் டயானாவைப் பார்த்தான். சின்னப்பொண்ணுவும் பார்த்தாள். அப்போதுதான் டீச்சரின் தலையில் இருந்த பூ டயானாவின் கண்ணில் பட்டது.

"டீச்சர், நீங்க தினம் கள்ளக்குறிச்சியிலேர்ந்து பஸ்ல வர்றீங்க. எறங்கினதும் எங்க அம்மாகிட்டதான பூ வாங்கறீங்க?"

"ஆமா. அதுக்கு என்ன இப்போ?"

"பக்கத்துலயும் ஒரு பூக்கடை கீதுங்க டீச்சர். ஏன் அங்க வாங்க மாட்டீங்க?"

பெரியநாயகி டீச்சர் பதில் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அவர் உதட்டோரத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"உங்க அம்மா கை நீளம். முழம் தாராளமா இருக்கும்," என்றார்.

"இங்கயும் அதாங்க டீச்சர் ஆயிப்போச்சு. நாப்பது பேரும் அவங்கவங்க முழம் போட்டோம். அது தப்புதான். ஆனா முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்கயும் இதே கதைதான்னு சார் சொன்னாரு. ஊருக்கு ஊரு முழம் வேற. அதான் எங்க ரேகன்ஸ்பர்க் நகர மன்றத்து வாசல் சுவத்துல, எங்க முழம் இதுதான்னு இரும்புக்கம்பி அடிச்சு வச்சுக்கீறாங்க. துணி விக்க வர்றவங்க அதுலதான் அளக்கணும்."

டயானா ஓரத்தில் நிறுத்தியிருந்த செங்கல்லைக் காட்டினாள். அதில் ஒரு குடைக்கம்பித் துண்டைக் கட்டி வைத்திருந்தாள்.

"சரி. ஆனா மேப்ல கடுகு அளவு இருக்கறதைப் பாய் அளவு காட்டலாமா?"

"கடுகுன்னே எழுதி வச்சுடறேன் டீச்சர். ஆனா அந்தக் கடுகுக்குள்ள அஞ்சு நாடு கீது. அத அழிச்சிட்டா நின்னு சொல்றதுக்கு எடம் இல்ல."

டீச்சர் வரைபடத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு சின்னப்பொண்ணுவைப் பார்த்தார். அவள் தன் கோட்டுக்குள் இரண்டு காலையும் ஒட்டிவைத்துக்கொண்டு, யாரோ தள்ளிவிடப் போகிறார்கள் என்பது போல நின்றாள்.

"எழுதி வை. பெரிய எழுத்துல எழுது," என்று சொல்லிவிட்டுப் பெரியநாயகி டீச்சர் நடந்தார். நாலு எட்டு போனதும் திரும்பி, "டயானா, நான் சொன்னதைப் பக்கத்துக் கடைக்காரங்ககிட்ட சொல்லிடாத," என்றார்.

டயானா ஓர் அட்டையில் எழுதினாள்: 'இந்த ஊர் உண்மையில் கடுகு அளவுதான். அதன் கதை பெரிது என்பதால் இடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம்.'

பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. மற்ற நாடுகளைப் பார்த்தவர்கள் நடந்துகொண்டே பார்த்தார்கள். கடுகு ஊரின் அட்டையைப் படித்தவர்கள் நின்றுவிட்டார்கள். தியாகதுருகத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், "பாலத்தத் தாண்டுனா வேற நாடா? அப்ப அந்தாண்ட மாடு மேய்க்கப் போனா இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டுச் சார் வரும்வரை நகரவில்லை.

சின்னப்பொண்ணு எல்லாருக்கும் நாலு வார்த்தை சொன்னாள். ஆனால் அவள் கண் வாசலிலேயே இருந்தது. பதினொன்று ஆனது. பதினொன்றரையும் ஆனது.

"பஸ்ஸு வந்துருக்காதுடி," என்றாள் டயானா.

"வரலன்னா வரல," என்றாள் சின்னப்பொண்ணு. அவள் குரல் மறுபடி 'உள்ளேன் ஐயா' அளவுக்குச் சுருங்கிவிட்டது.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு, ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார். வெள்ளிமலைப் பேருந்தில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கோலப்பொடிக் கோடுகளைக் கண்டதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். எந்தக் கோட்டையும் மிதித்துவிடக் கூடாது என்று மைதானத்தின் ஓரத்திலேயே நின்றார். அவர்தான் ராஜாங்கம், சின்னப்பொண்ணுவின் அப்பா.

சின்னப்பொண்ணு கையை ஆட்டினாள். ஆனால் அவளுடைய நாடு நட்டநடுவில் இருக்கிறதே! சுற்றிலும் பவேரியா. அஜித்குமாரின் எல்லையைத் தாண்டாமல் யாரும் அங்கே போக முடியாது.

ராஜாங்கம் கோடுகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துத் தாண்டிப் பவேரியாவரை வந்தார். அஜித்குமார் தன் எல்லைக்கோட்டுக்கு வந்து விறைப்பாக நின்றான்.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"கல்வராயன் மலைங்க தம்பி," என்றார் ராஜாங்கம், கொஞ்சம் பயந்துபோய்.

"எங்க போவணும்?"

"எம் பொண்ணு நாட்டுக்குங்க."

அஜித்குமார் ஒரு கணம் அவரையே பார்த்தான். நேற்று இந்த இடத்தை மூடுவதற்காகத் தான் அள்ளிய கோலப்பொடி அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். விறைப்பெல்லாம் போய்விட்டது. அவரிடமிருந்து மஞ்சள் பையை வாங்கிக்கொண்டான்.

"வாங்க, நானே இட்டுக்கினு போறேன். கோட்ட மிதிக்காம என் பின்னாலயே வாங்க."

பவேரியாவைக் கடந்து, கல் பாலத்தைத் தாண்டி, டயானாவின் நகரத்து வழியாக ராஜாங்கம் தன் மகளின் எல்லைக்கு வந்தார். உள்ளே கால் வைக்காமல் நின்றார். கோட்டைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

"எத்தினி ஏக்கருன்னு கேட்டேனே. இவ்ளோதானா?"

"ஏக்கர்ல வராதுப்பா," என்றாள் சின்னப்பொண்ணு. "ஆனா இங்க என் பேச்சுதான் சட்டம்."

மைதானத்தில் பாதிப் பேருக்குக் கேட்கும் அளவுக்கு அதைச் சொன்னாள்.

ராஜாங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் கண் முழுக்கச் சிரிப்பு இருந்தது.

"அப்ப சட்டப்படி சொல்லுங்க, அம்மா. நான் உள்ள வரலாங்களா?"

"வரலாம்," என்றாள் சின்னப்பொண்ணு. சொல்லிவிட்டு, அப்பா நிற்க இடம் போதாது என்று தெரிந்ததும் டயானாவைப் பார்த்தாள். "டயானா, ஒரு காலு மட்டும் உன் ஊர்ல வச்சுக்கட்டுமா?"

"வச்சுக்கோடி. இதுக்கெல்லாமா கேப்பாங்க," என்றாள் டயானா.

அஜித்குமார் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று பையை நீட்டினான். அதில் மலை நெல்லிக்காய் நிறைய இருந்தது. சின்னப்பொண்ணு முதல் காயை அவனுக்குக் கொடுத்தாள், இரண்டாவதை டயானாவுக்குக் கொடுத்தாள்.

பிறகு ராஜாங்கம் வலது காலை எடுத்துக் கோட்டுக்கு உள்ளே வைத்தார். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நீடர்மூன்ஸ்டர் நாட்டின் மக்கள்தொகை ஒன்றிலிருந்து இரண்டானது.